மூன்று டப்பாவும் ஒரு பட்டியலும்

ஜனவரி 8

அண்ணிக்கு,

நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இங்கே சௌக்கியமாக இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். பதினொரு வருடம் கழித்து எந்த முகத்தோடு எழுதுகிறாள் என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நாலு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

அண்ணனுக்கு அக்டோபரிலிருந்து வயிற்றுப்போக்கு. நிற்கவே இல்லை. நீங்கள் போன பிறகு அவர் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார், அது உங்களுக்குத் தெரியும். எழுபத்தொரு கிலோ இருந்த மனுஷன் இன்றைக்கு அறுபத்தொன்று. மூன்று டாக்டர் பார்த்தாயிற்று. முதல் ஆள் நிற்பதற்கு மாத்திரை கொடுத்தார், இரண்டு நாள் நின்று பிய்த்துக்கொண்டது. இரண்டாவது ஆள், "எல்லாம் மனசுதாங்க, கவலைப்படாதீங்க" என்றார். மூன்றாவது ஆள் குடலில் ஏதாவது வளர்ந்திருக்கலாம், வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டிவரும் என்கிறார். அதைக் கேட்ட அன்றுதான் உங்கள் நம்பரைத் தேடி எடுத்தேன்.

ஆஸ்பத்திரி லேபில் இருபது வருடமாக நீங்கள் இதைத்தானே பார்க்கிறீர்கள். பழசை மனதில் வைக்காமல் ஒரு வழி சொல்லுங்கள். அவர் உங்கள் கணவர்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுதுகிறேன், அளவு கொடுக்க ஆள் காத்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்

ஜனவரி 19

நாத்தனாருக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பதினொரு வருடத்தில் நீ என் உடம்பைப் பற்றி விசாரித்தது இதுதான் முதல் தடவை, தேதி போட்டு எடுத்துவைத்திருக்கிறேன்.

போனில் பேச மாட்டேன். வாயால் சொன்னதை மறுநாள் இல்லை என்று சொல்லிவிடலாம், உங்கள் வீட்டில் அதைப் பார்த்தவள் நான். எழுத்தில் கேள், எழுத்தில் பதில் வரும்.

பழசை மனதில் வைக்கக் கூடாதாம். பீ டப்பா தொடும் கை என்று நான் கழுவி வைத்த டம்ளரை நீ மறுபடி கழுவுவாய். உன் அம்மா செத்த அன்று ஏழு வீட்டுச் சொந்தத்தின் முன்னால், "இவ கைதான் எங்கம்மாவைக் கொன்னுச்சு" என்றாய். உன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுவாரம் என் பெட்டி வாசலில் இருந்தது. இப்போது அதே கைக்கு அதே சரக்கை டப்பாவில் அடைத்து அனுப்பப் போகிறாய். வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். திடீரென்று வரும் போக்குக்குப் பெரும்பாலும் சாப்பாடோ தண்ணீரோ காரணம், சில நாளில் தானே அடங்கிவிடும். நாலு வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்டது, அதற்குக் காரணம் ஐம்பது உண்டு. ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். ஆகவே வெட்கப்படாமல் எழுது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை? தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? தண்ணீரா, கூழா? இரத்தம், சளி உண்டா? மிதக்கிறதா, மூழ்குகிறதா? பிசுக்கு ஒட்டுகிறதா? நாற்றம் எப்படி? காய்ச்சல்? பால் குடித்தால் என்ன ஆகிறது? தொடங்குவதற்கு முன் எந்த ஊருக்குப் போனார், எந்தத் தண்ணீர் குடித்தார்? அவர் சொல்வதைக் கேட்டு எழுதாதே, நீயே பார்த்து எழுது. எதையும் பார்க்காமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை.

மருந்து நீர் ஊற்றிய மூன்று டப்பா அனுப்புகிறேன். தபாலில் கெடாது. முதலில் ஒன்றை நிரப்பி அனுப்பு.

அண்ணி

ஜனவரி 31

அண்ணிக்கு,

நீங்கள் நன்றாக இருப்பது தெரிந்து நிம்மதி. உங்கள் கடிதத்தில் பாதியைப் படிக்காத மாதிரி வைத்துக்கொண்டு மீதிக்குப் பதில் எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு. தூக்கத்தில் எழுப்புவதில்லை. கூழ் மாதிரி, வெளிர் மஞ்சள். இரத்தம் இல்லை, சளி இல்லை. மிதக்கிறது, மூன்று வாளி ஊற்றினாலும் போகாமல் மிதக்கிறது. பீங்கானில் பிசுக்கு ஒட்டுகிறது. நாற்றத்தை எப்படி எழுத? சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்புறம் வரேன்க்கா" என்று போனாள், அதோடு சரி. ஏப்பம் விட்டால் கெட்ட முட்டை. பால் குடித்த அன்று எல்லாம் இரண்டு மடங்கு. வயிறு எப்போதும் உப்பிக் கிடக்கிறது. காய்ச்சல் இல்லை.

செப்டம்பரில் நிலம் அளக்கிற வேலையாக மலைப்பக்கம் மூன்று வாரம் போயிருந்தார். ஓடைத் தண்ணீர்தான் குடித்தார்களாம். கேட்டால், "கண்ணாடி மாதிரி இருந்துச்சு, அதுல என்ன இருக்கப் போகுது?" என்கிறார். கூடப் போன ஒருவருக்கும் இதேபோல் வந்து நின்றுவிட்டதாம்.

நானேதான் பார்த்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பார்த்தேன். டப்பாவையும் நானே நிரப்பி மூடினேன். இதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள் என்பதை முதல் தடவையாக யோசித்தேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், யோசித்தேன், அவ்வளவுதான்.

டப்பாவை இன்றே அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நாத்தனார்

பிப்ரவரி 16

நாத்தனாருக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் டப்பா ஒழுகாமல் வந்தது, மூடியை நன்றாக இறுக்கியிருந்தாய்.

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு தடவை பார்த்து இல்லை என்றால் நிஜமாகவே இல்லை என்று ஆகாது. சில கிருமி தினமும் தலைகாட்டாது. ஆகவே இன்னொரு டப்பா வேண்டும்.

நோயாளியின் பழைய கதையும் வேண்டும். முன்பு வந்த தாக்குதல் குடலில் எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம். உன் அம்மா கண் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று மதியம் வீடு முழுக்க வாந்தியும் போக்குமாகக் கிடந்ததே, அதிலிருந்து தொடங்கு. சாப்பிட உட்கார்ந்தது யார் யார்? யார் எதைச் சாப்பிட்டார்கள், யார் எதைத் தொடவில்லை? யாருக்கு எத்தனை மணிக்குத் தொடங்கியது? எதை யார் செய்தது, எப்போது செய்தது, எங்கே வைத்திருந்தது? அந்த வாரம் வீட்டில் யாருக்காவது மஞ்சள் காமாலை, இருமல், சொறி, சீழ்ப்புண் இருந்ததா? பயப்படாதே, எல்லா நோயாளி வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.

அண்ணி

மார்ச் 1

அண்ணிக்கு,

நீங்கள் நலம், சந்தோஷம். அண்ணன் ஐம்பத்தேழு கிலோ. அவர் பேண்ட்டை மூன்றாவது தடவையாகப் பிடித்துத் தைத்தேன். இடுப்பு முப்பத்தாறிலிருந்து முப்பது. டேப்பைச் சுற்றும்போது எலும்பு கையில் தட்டுகிறது.

இரண்டாவது டப்பாவை அனுப்புகிறேன். ஆனால் அந்தப் பட்டியலை எழுத மாட்டேன். அம்மா செத்த நாளை மணிக்கணக்கில் எழுது என்கிறீர்களே, உங்களுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா? அன்றைக்கு அண்ணனுக்கு ஒன்றுமே வரவில்லை. எல்லோரும் சுருண்டு கிடந்தபோது அவர்தான் வாளி தூக்கினார். அப்புறம் அவர் நோய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நாத்தனார்

மார்ச் 11

நாத்தனாருக்கு,

நலம். இரண்டாவது டப்பாவிலும் ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் வந்தது அவருக்கு மட்டும் ஏன் வரவில்லை? அதுதான் என் கேள்வியே. பட்டியல் வந்தால் மூன்றாவது டப்பாவைப் பார்க்கிறேன். வராவிட்டால் வயிற்றைத் திறக்கிற டாக்டரிடமே போ.

அண்ணி

மார்ச் 23

அண்ணிக்கு,

சுகமாக இருங்கள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், எழுதுகிறேன்.

சோறு, பருப்பு, கோழி, காய் எல்லாம் நீங்கள் காலையில் சமைத்தது. முட்டையும் பாலும் போட்ட புட்டிங் மட்டும் நான் செய்தது, முந்தின நாள் சாயங்காலம். ஃபிரிட்ஜில் இடமில்லாமல் சமையல் மேடைமேல் தட்டு போட்டு மூடி வைத்திருந்தேன். ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். சித்தப்பா, சித்தி, பெரியம்மா, மாமா வீட்டில் நாலு பேர், நான், அம்மா எல்லோரும் எல்லாமும் சாப்பிட்டோம். சர்க்கரை வியாதிக்காரியான பெரியப்பா மகள் புட்டிங்கைத் தொடவில்லை, அவளுக்கு எதுவும் வரவில்லை. அண்ணனுக்கு முட்டை வாசனை ஆகாது, அவரும் தொடவில்லை. நீங்கள் பரிமாறிக்கொண்டே இருந்தீர்கள், கடைசியில் உங்களுக்குப் புட்டிங் மிஞ்சவில்லை.

மூன்று மணிக்குச் சித்தப்பாவுக்கு முதல் வாந்தி. நாலுக்குள் எல்லோருக்கும் வந்துவிட்டது, அப்புறம் போக்கு. காய்ச்சல் யாருக்கும் இல்லை. அம்மாவுக்கு இரண்டாவது கிண்ணமும் நானே ஊட்டியிருந்தேன், கண்ணில் கட்டு இருந்ததால். மறுநாள் காலை ஆறரைக்குப் போய்விட்டார்.

மஞ்சள் காமாலை, இருமல், சொறி யாருக்கும் இல்லை. எனக்கு மட்டும் ஊசி குத்தி வலது ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி வந்து சீழ் வைத்திருந்தது. வெந்து ஆறிய புட்டிங்கைக் கையால் வழித்துப் பாத்திரம் மாற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அண்ணன் அதைக் கீறிச் சீழை எடுத்துத் துணி சுற்றிவிட்டார். நீங்கள் கேட்டபோது கத்தி பட்டது என்று சொன்னேன், ஏன் என்று ஞாபகமில்லை.

போதுமா? மூன்றாவது டப்பாவும் இதோடு வருகிறது. அவரைக் காப்பாற்றுங்கள்.

நாத்தனார்

ஏப்ரல் 4

நாத்தனாருக்கு,

நான் நலம். இந்தப் பதினொரு வருடத்தில் இன்றைக்குப்போல் நலமாக இருந்ததே இல்லை.

உன் கடிதத்தை உனக்கே படித்துக் காட்டுகிறேன், கேள். என் கையிலிருந்து மலக் கிருமி சோற்றில் விழுந்திருந்தால் அது குடலில் பெருகி ஆளைக் கீழே தள்ள அரை நாளாவது வேண்டும், பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில், காய்ச்சல் இல்லாமல், வாந்தியோடு தொடங்கினால் அது சாப்பாட்டில் முன்பே ஊறியிருந்த நஞ்சு. சீழ்ப் புண்ணில் இருக்கிற கிருமி முட்டைப் பாலில் விழுந்து, வெளியே ஒரு ராத்திரி கிடந்தால் அந்த நஞ்சைக் கக்கும். புட்டிங் தின்ற ஒருவர்கூடத் தப்பவில்லை. தின்னாத ஒருவருக்கும் வரவில்லை. என் சமையலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டவர் உன் அண்ணன், அவர் வயிறு கல்லு மாதிரி இருந்தது.

உன் அம்மாவைக் கொன்றது என் கை இல்லை, உன் விரல். துணி சுற்றியிருந்த உன் விரலைப் பார்த்து அன்றைக்கே எனக்குச் சந்தேகம். ஆனால் யார் கேட்டீர்கள்? எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று, அந்தத் துணியைச் சுற்றியது யார் என்பது. அதையும் நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். சீழ்க் கையோடு சமைக்கக் கூடாது என்று அவரிடம் நானே சொல்லியிருக்கிறேன், அப்படியென்றால் அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே தரையைப் பார்த்து நின்றிருக்கிறார்.

அவர் நோய்க்கும் இந்தப் பட்டியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீ கேட்டது சரிதான்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. அன்று சாவு வீட்டில் உன் பேச்சைக் கேட்ட ஏழு வீட்டுக்கும் உன் கையால் எழுது. புட்டிங், நகச்சுத்தி, என்மேல் போட்ட பழி எல்லாவற்றையும் எழுது. சித்தப்பாவிடமிருந்து எனக்கு ஒரு வரி வரட்டும், அதன் பிறகு மூன்றாவது டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

அண்ணி

ஏப்ரல் 24

அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஏழு வீட்டுக்கும் எழுதிவிட்டேன். சித்தப்பா உங்களுக்கு எழுதுவதாகச் சொன்னார். என்னிடம், "உன்னை எங்க அண்ணியோட பொண்ணுன்னு சொல்லவே வாய் கூசுது" என்று சொல்லிப் போனை வைத்தார். பெரியம்மா போனையே எடுக்கவில்லை.

அந்த இரண்டாவது கிண்ணத்தை அம்மா வேண்டாம் என்றார். "போதும்டி" என்றார். நான்தான், "இன்னும் ரெண்டு வாய்ம்மா" என்று ஊட்டினேன். இது உங்கள் பட்டியலில் இல்லாத கேள்வி, இருந்தாலும் எழுதுகிறேன்.

அண்ணன் ஐம்பத்திரண்டு. படி இறங்க முடியவில்லை. மே 12 காலை வயிற்றைத் திறக்கத் தேதி குறித்துவிட்டார்கள். இந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று அவர்களே யோசிக்கிறார்கள். நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் செய்துவிட்டேன். சொல்லுங்கள்.

நாத்தனார்

மே 3

நாத்தனாருக்கு,

சித்தப்பாவின் கடிதம் வந்தது. நாலு பக்கம், எல்லாம் மன்னிப்பு. நான் நலம்.

கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் வயிற்றில் இருப்பது ஜியார்டியா என்கிற ஒட்டுண்ணி. ஓடைத் தண்ணீரில் வந்தது. குடலில் ஒட்டிக்கொண்டு கொழுப்பை உடம்பில் சேரவிடாது, அதனால்தான் மிதப்பும் பிசுக்கும் முட்டை ஏப்பமும். லென்ஸில் பார்த்தால் இரண்டு கண்ணோடு நம்மையே முறைக்கும். சில நாள் மாத்திரை, அவ்வளவுதான். ஆபரேஷனை நிறுத்தச் சொல். வாய்வார்த்தையை டாக்டர் ஏற்க மாட்டார், அதனால் ஆஸ்பத்திரி முத்திரையோடு லேப் ரிப்போர்ட்டை வைத்திருக்கிறேன். அதைக் காட்டு.

அண்ணி

மே 27

அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து முடிக்கிறவரைக்காவது.

ஆபரேஷன் நின்றது. மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் போக்கு நின்றது. அண்ணன் ஐம்பத்தாறு கிலோ, வாசல்வரை நடக்கிறார்.

ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, பிப்ரவரி பதினாலாம் தேதியே கிருமி தெரிஞ்சிருக்கே. மார்ச் ஒன்பதிலும் இருக்கு, முப்பதிலும் இருக்கு. இவ்வளவு நாள் இதைக் கையில வச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?" என்று என்னைத் திட்டினார். உங்கள் லேப் ரிப்போர்ட்டில் ஒரே ஆளின் பழைய முடிவுகளும் தேதியோடு கீழே வரும் என்பது உங்களுக்கு மறந்துவிட்டதுபோல. எனக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதக் கை வந்திருக்கிறது, பதிவேட்டில் பொய் எழுத மட்டும் வரவில்லை. முதல் டப்பாவிலேயே பார்த்துவிட்டீர்கள். எழுபத்தெட்டு நாள்.

அண்ணனிடம் காட்டினேன். மூன்று தேதியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு, "நான் பதினோரு வருஷம் வாயத் தொறக்கல. அவ எழுவத்தெட்டு நாள்தானே. விட்டுடு" என்றார்.

அவர் விடலாம். நான் அண்ணன் இல்லை. ரிப்போர்ட்டின் நகலையும் உங்கள் பிப்ரவரிக் கடிதத்தின் நகலையும் ஏழு வீட்டுக்கும் அனுப்பினேன். மூன்று தேதிக்கும் சிவப்புக் கோடு போட்டு உங்கள் பெரிய டாக்டருக்கும் ஒரு உறை போயிருக்கிறது. யார், எப்போது, எத்தனை நாள் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன், நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

என் விரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது அண்ணி. டப்பாவில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

நாத்தனார்

ஜூன் 15

உங்களுக்கு,

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இப்படித் தொடங்குகிறேன். ஐம்பத்தாறு கிலோ என்று உங்கள் தங்கை எழுதியிருந்தாள். நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய டாக்டர் பதிவேட்டைக் கேட்டார், கொடுத்தேன். "ரிஜிஸ்டர்ல உண்மைய எழுதிட்டு ரிப்போர்ட்ட ஏன்மா நிறுத்தி வச்சீங்க?" என்றார். எனக்குப் பதில் தெரியும், அவரிடம் சொல்ல முடியாது. லென்ஸ் பார்க்கிற வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது சீட்டு எழுதுகிற ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். விசாரணை முடிகிறவரை யார் டப்பாவையும் நான் தொடக் கூடாது.

நீங்கள் சொன்னதையும் அவள் எழுதியிருந்தாள். பதினொரு வருடத்தோடு எழுபத்தெட்டு நாளை ஒப்பிட்டு என்னை விட்டுவிட்டீர்களாம். அந்தப் பெருந்தன்மையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாயை மூடியது தங்கைக்காக, பயத்தில். நான் மூடியது பயத்தில் இல்லை. உங்கள் எடை எழுதி வந்த கடிதங்களை நான் இரண்டு தடவை படிப்பேன். ஐம்பத்தேழு என்று வந்த அன்று மனசு குளிர்ந்தது, வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஐம்பத்திரண்டு என்று வந்த அன்று பயமாக இருந்தது. அப்போதும் மூன்று நாள் கழித்துத்தான் பேனாவை எடுத்தேன்.

அன்று என் கையைப் பற்றி அவள் சொன்னது பொய். இத்தனை வருடம் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் தலை நிமிர்ந்து நடந்தேன். இப்போது ஏழு வீட்டிலும், இவள் கை ஆளைக் கொல்லும் என்ற அதே பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. சித்தப்பா போன் செய்து கேட்டார், என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. உங்கள் இருவர்மேலும் எனக்கிருக்கும் ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை. அதைச் சொல்லி அழத்தான் இனி எனக்கு ஒரு வீடும் இல்லை.

பால் இன்னும் சில வாரம் வேண்டாம். மாத்திரை முடிந்து ஒரு மாதம் ஆயிற்று, மலத்தை ஒரு தடவை மறுபடி சோதித்துவிடுங்கள். டப்பாவை வேறு லேபுக்கு அனுப்புங்கள்.